முன்னிருக்கையும் பின்னிருக்கையும்

விலை கொடுத்து வாங்கிய பொருளை ஒருவன் தன் விருப்பப்படி பயன்படுத்துவதில் தவறு உண்டோ? இல்லை என்றே சட்டம் கூறும்; உலக வழக்கும் பெரும்பாலும் அவ்வாறே கூறும். ஆயினும், அவன் அதைப் பயன்படுத்தும் அதே கணத்தில் மற்றொருவனுடைய முழங்கால் நெருக்குண்ணுமாயின், விடை அத்துணை எளிதாக வருவதில்லை. இக்கேள்வி அறநூல் ஏடுகளுக்குள் அடங்கிக் கிடப்பதன்று. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு அட்லாண்டிக் பெருங்கடலின்மேல் இரவு முழுதும் பறக்கும் விமானங்களில், எகானமி என்று நாம் வழங்கும் சிக்கன வகுப்பில், ஒவ்வோர் இரவும் பல்லாயிரம் பேர் முன் அது வந்து நிற்கிறது. மகளின் பேறுகாலத்துக்கென்றும் பேரனின் ஆண்டு நிறைவுக்கென்றும் புனேயிலிருந்து புறப்பட்டுப் போய், நான்கைந்து திங்கள் கழித்து நியூயார்க்கிலோ சிகாகோவிலோ திரும்பவும் விமானம் ஏறும் நம் வீட்டுப் பெரியோரும் அப்பல்லாயிரவருள் அடங்குவர்.

நெருக்கடியான இரவுப் பயணம் புனேத் தமிழர்க்குப் புதியதன்று. பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் 1871ஆம் ஆண்டில் இராய்ச்சூரில் ஒன்றுகூடின. கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவரும், படைத்துறை அலுவலகங்களில் எழுத்தராக அமர்ந்தவரும், இராஸ்தா பேட்டையில் குடித்தனம் வைத்தவரும் தௌண்டு, சோலாப்பூர், வாடி, இராய்ச்சூர், குண்டக்கல் என்று நிலையங்களை விரல்விட்டு எண்ணியபடியே அவ்வழியில் ஊர்போய் ஊர்வந்தனர்.

அதே வழியில் 1917ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகள் பயணம் செய்தார். பம்பாயில் 13 ரூபாய் 9 அணா கொடுத்துச் சென்னைக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கி மெயில் வண்டியில் ஏறினார். இரண்டு இரவுகள் கழியவேண்டிய பயணம் அது. பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று எழுதியிருந்தது. அமரத்தான் இடம், படுக்க இடமில்லை. புனே வரையில் அந்த எண்ணிக்கை மீறாமல் இருந்ததற்குக் காரணம் இரயில்வேயின் ஒழுங்கன்று, உள்ளே இருந்த துணிச்சல்காரர்கள் வெளியே நின்றவர்களை ஏறவொட்டாமல் தடுத்ததே என்று அவர் எழுதுகிறார். இராய்ச்சூர் தாண்டியபின் அந்தத் தடுப்பும் நில்லாமல் போயிற்று. தட்டிக் கேட்ட வணிகர் ஒருவரை வண்டி ஊழியர் அவமதித்தனர். மூன்றாம் வகுப்பைக் காட்டிலும் முதல் வகுப்புக்கு ஐந்து மடங்குக்கு மேல் கட்டணம் இருந்தது. வசதியில் இருந்த வேறுபாடோ அந்தக் கணக்குக்குச் சிறிதும் அடங்கவில்லை.

அம்மாத இறுதியில் இராஞ்சியிலிருந்து அவர் எழுதிய அக்கட்டுரையில் நான் பெரிதும் மதிப்பது, குற்றத்தை ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடாத அந்த நேர்மையைத்தான். இரயில்வேயின் அலட்சியத்தைக் கடுமையாகச் சாடிய அதே பேனா, சக பயணியைப் பற்றிக் கவலையின்றி நடந்துகொள்ளும் மூன்றாம் வகுப்பு மக்களின் பழக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. கம்பெனி செய்யும் அநீதி ஒன்று. அந்த அநீதிக்குள் அடைபட்டவர் ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளும் அநீதி மற்றொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதை மன்னிப்பதும், பின்னதைக் காட்டி முன்னதை மறப்பதும் இன்றுவரை நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்திய இரயில்வேயில் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் நீங்கியது. மரப்பலகையோ நீங்கவில்லை. 1977இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே, மகாராட்டிரத்துக்காரர், இரண்டாம் வகுப்புப் படுக்கைகளின்மேல் இரண்டு அங்குல நுரை மெத்தை இடச்செய்தார். இரண்டே அங்குலம்! அந்த இரண்டு அங்குலத்தின் அருமையை அறிய வேண்டுமாயின், சோலாப்பூர் முதல் அரக்கோணம் வரை பலகையில் படுத்து வந்தவரின் முதுகெலும்பைத்தான் கேட்க வேண்டும். எந்த மேல் வகுப்பும் இல்லாத கீதாஞ்சலி விரைவு வண்டியையும் அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே அவர் ஓடவிட்டார்.

ஆனால் மெத்தை வருமுன்னரே அந்தப் பலகைக்கு ஒரு பண்பு இருந்தது. அதற்கு எல்லைக்கோடு கிடையாது. மூவர்க்கான பலகையில் நால்வர் அமரலாம்; ஐந்தாமவர் வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார். முகம் சுளித்தவாறேனும் நால்வரும் தள்ளுவர். அரைமணி நேரத்தில் அந்த ஐந்தாமவரின் புளியோதரைப் பொட்டலம் அவிழ, சுளித்த முகங்களும் அவிழும். இதனைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. துணிச்சல்காரர் கதவை அடைத்துக்கொண்டு நின்ற பெட்டியும் அதுவே அன்றோ? ஆயினும், அங்கே இடம் என்பது கேட்டுப் பெறுவதும் கொடுத்து இழப்பதுமாக இருந்தது. அதற்கு ஒரு வாய்ச்சொல் தேவைப்பட்டது. இன்னொன்றும் கருதத்தக்கது: பலகைகள் எதிரெதிராக இருந்தன. யார் முழங்காலை நாம் இடிக்கிறோமோ அவர் முகம் நம் கண்முன் இருந்தது.

இனி விமானத்துக்கு வருவோம். கடல் கடந்து பறப்பது செல்வர்க்கே உரியதாக இருந்த நிலை மாறத் தொடங்கியது 1952ஆம் ஆண்டு மே முதல் நாளில். அன்று வட அட்லாண்டிக் வழியில், பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கத்தின் இசைவோடு, சுற்றுலா வகுப்பு என்ற குறைந்த கட்டண வகுப்பு வந்தது. 1958 ஏப்ரலில் அதனினும் மலிவான எகானமி வகுப்பு தொடங்கியது. மலிவு என்பது உணவிலும் தெரியவேண்டும் என்று கருதி, சாண்ட்விச் போன்ற எளிய குளிர்ந்த உணவே தரலாம் என விதித்தார்கள். ஐரோப்பிய நிறுவனங்கள் சில அந்தச் சாண்ட்விச்சையே விருந்துபோல் அடுக்கித் தரவும், அமெரிக்க நிறுவனம் ஒன்று வழக்குரைக்க, சாண்ட்விச் எனப்படுவது யாது என்று பெரியவர்கள் கூடி ஆராய வேண்டியதாயிற்று! அவ்வாண்டு அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. 1960 மே மாதத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 707 இலண்டன் வழியாக நியூயார்க் சென்றது.

அந்நாளில் ஓர் எகானமி இருக்கைக்கும் அதன் முன்னிருக்கைக்கும் இடையே, ஒரே புள்ளியிலிருந்து அளந்தால், 34 அங்குலம் இருந்தது. இன்று பல நிறுவனங்களில் அது 31 அங்குலம்; அதனினும் குறைந்தது உண்டு. மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். தண்டவதே தந்தது இரண்டு அங்குலம்தான் என்பதை நினைவில் கொள்க.

மேற்கிலிருந்து கிழக்கே வரும் இப்பயணத்தின் இரவு ஒரு விந்தையான இரவு. நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். பின்னிருந்து தள்ளும் உயர்வளிக் காற்றோட்டம் சில நாள்களில் அதனையும் குறைக்கும். கடிகாரமோ ஐந்து மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது. உணவு வண்டி வந்து போனபின் விளக்கணைத்து, மீண்டும் காலை உணவுக்கு விளக்கேற்றும் வரையில், உறங்குவதற்கென்று எஞ்சுவது நான்கு மணி நேரம் இருந்தால் பெரிது. சூரியனை எதிர்கொண்டு ஓடுவதால் இரவே சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருங்கிய இரவில், சுருங்கிய இடத்தில், ஒரு பொத்தானை அழுத்தி நாற்காலியைச் சற்றே பின்னுக்குச் சாய்ப்பதுதான் பயணிக்குக் கிட்டும் ஒரே ஆறுதல். அந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது? பின்னாலிருப்பவரின் முழங்காலுக்கும் மூக்குக்கும் முன்னாலுள்ள இடத்திலிருந்து வருகிறது.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னாலுள்ள அந்த நான்கு அங்குலக் காற்றை விமான நிறுவனம் எனக்குச் 'சாய்வு' என்று விற்றது. அதே காற்றைப் பின்னாலிருப்பவருக்கு 'முழங்கால் இடம்' என்று விற்றது. ஒரே மனையை இருவர்க்குக் கிரயம் செய்துகொடுத்து, இருவரும் ஒரே நாளில் வேலி கட்டட்டும் என்று விட்டுவிட்டுப் போன தரகரை நம்மூரில் என்ன சொல்வோம்? அந்தத் தரகர் இங்கே சண்டையில் தென்படுவதே இல்லை.

சண்டை கற்பனையன்று. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூவார்க்கிலிருந்து டென்வர் சென்ற விமானத்தில் ஒருவர், முன்னிருக்கை சாயாதவாறு முட்டுக்கொடுக்கும் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். முன்னிருந்த பெண்மணி அவர்மேல் தண்ணீரை வீசினார். விமானம் சிகாகோவில் இறக்கப்பட்டது, இருவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் இருவரும் கூடுதல் கட்டணத்துக்குரிய, கால்நீட்டச் சற்றே மிகுதியான இடமுள்ள வரிசைகளில் அமர்ந்திருந்தவர்கள்! மூன்று நாள் கழித்து, மயாமியிலிருந்து பாரிசுக்கு இரவில் அட்லாண்டிக்கைக் கடக்கவிருந்த விமானமும் இதே சாய்வுப் பூசலால் பாஸ்டனில் தரையிறங்க நேர்ந்தது. நூற்றுக்கணக்கானவரின் இரவு நான்கு அங்குலத்துக்காகக் கெட்டது.

இவ்வழக்கில் அறிஞர் சிலர் சட்டத்தின் பக்கம் நிற்பர். பொத்தான் இருக்கிறது, ஆதலின் உரிமை இருக்கிறது, பின்னவருக்கு இடம் வேண்டுமாயின் முன்னவருக்குப் பணம் கொடுத்துச் சாயாதிருக்கச் செய்யட்டும் என்று பொருளியலார் பாங்கில் பேசுவோரும் உளர். வேறு சிலர், பிறர்க்குத் துன்பம் தருவதால் சாய்வதே தவறு என்பர். இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. முன்னது, நள்ளிரவில் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் சந்தை கூட்டச் சொல்கிறது. பின்னதோ, முதுகுவலிக்காரரையும் முதியவரையும் ஏழு மணி நேரம் ஆணியடித்தாற்போல் நிமிர்ந்திருக்கச் சொல்கிறது.

திருவள்ளுவர் கண்ணோட்டம் என்னும் பண்புக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அவர் வைத்த இடம் சிந்தனைக்குரியது. ஒப்புரவறிதல் இல்லறவியலில் இருபத்திரண்டாம் அதிகாரம். கண்ணோட்டமோ ஐம்பத்தெட்டாம் அதிகாரமாகப் பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது. முகம் பார்த்து இரங்கும் மென்மை இல்வாழ்வானுக்கு உரியதென்று வைத்திருக்கலாமே. ஆட்சி செய்வோனுக்கு ஏன் வைத்தார்? துன்பம் செய்ய உரிமையும் ஆற்றலும் உடையவன் எவனோ அவனிடத்தில்தான் அப்பண்புக்கு வேலை இருக்கிறது என்பதே காரணமாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. தண்டிக்க இயலாதவன் தண்டியாதிருப்பதில் என்ன சிறப்பு?

அவ்வகையில் நோக்கின், விமானத்தின் ஒவ்வோர் இருக்கையும் ஒரு சிறு அரசு. பொத்தானில் விரல் வைத்திருப்பவர் பின்னவருக்கு அரசர். தமக்கு முன்னவருக்குக் குடி. முப்பதாவது வரிசைக்காரர் முப்பத்தொன்றாவது வரிசையை ஆள்கிறார். இருபத்தொன்பதாவது வரிசையால் ஆளப்படுகிறார். இந்த நீண்ட சங்கிலியில் ஒரே ஒரு வரிசைதான் ஆளப்பட மட்டும் பிறந்தது: பின்னே சுவர் இருப்பதால் பெரும்பாலான விமானங்களில் சாயாமலோ, சாய்ந்தும் சாயாமலோ நிற்கும் கடைசி வரிசை. அதற்குப் பின்னர் வருவோம்.

கண்ணோட்டம் என்ற சொல்லிலேயே கண் இருக்கிறது. கண் சென்று மற்றவர்மேல் படவேண்டும்; பட்டால் இரக்கம் பிறக்கும். விமான இருக்கைகளை அமைத்தவர், அறிந்தோ அறியாமலோ, அதற்கு வழியே இல்லாமல் செய்துவிட்டார். எல்லாரும் ஒரே திசையை நோக்கி அமர்ந்திருக்கிறோம். நம்மால் வருந்துபவர் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார். நம்மை வருத்துபவரோ, உச்சந்தலை மட்டும் தெரியும் முகமற்ற ஒருவராக முன்னே இருக்கிறார். சாய்ப்பவன் யாரைச் சாய்க்கிறோம் என்று காணான். சாய்க்கப்படுபவன் வெறுப்பதற்கு ஓர் உச்சந்தலையைத் தவிர வேறொன்றும் காணான். மரப்பலகைப் பெட்டியின் எதிரெதிர் முகங்கள் இங்கே இல்லை. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்ற வாய்ச்சொல்லின் வேலையைப் பொத்தான் பறித்துக்கொண்டது. காதுகளில் ஒலிக்கருவி, முன்னே படத்திரை. அதற்குமேல் மொழி வேறு. ஆங்கிலம் பேசத் தயங்கும் நம் தாய்மார் எவரிடம் எதனைக் கேட்பர்?

சில ஆண்டுகளுக்கு முன் நியூவார்க்கிலிருந்து இலண்டன் வந்த ஓர் இரவு விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். இலண்டனில் மாறி மும்பை சென்று, அங்கிருந்து லோணாவளா மலைப்பாதை வழியாகக் காரில் புனே போகவேண்டியவர். விளக்கணைந்து ஒருமணி நேரம் ஆகியும் அவர் நாற்காலி நிமிர்ந்தே இருந்தது. "பொத்தான் இங்கே இருக்கும்மா, சாஞ்சுக்கலாமே" என்றேன்.

"தெரியும் தம்பி. ஏறும்போதே பார்த்தேன், பின்னால ஒரு பிள்ளை உக்காந்திருக்கான். ஆறடி இருப்பான். நான் சாஞ்சா அவன் முட்டியை எங்கே கொண்டுபோய் வெச்சுப்பான்?"

திரும்பிப் பார்த்தேன். உண்மையிலேயே நெடிய இளைஞன். வாயைத் திறந்தபடி நன்றாக உறங்கிக்கொண்டிருந்தான். தன் இருக்கையை அது போகும் அளவுக்கும் சாய்த்திருந்தான்! அவனுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், குழந்தையின் தலை முன்னிருக்கையில் இடிக்காதவாறு கையைக் குறுக்கே வைத்தபடி விழித்திருந்தாள்.

இந்நிகழ்ச்சியை நான் நண்பர் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர் எல்லாரும் அம்மையாரைப் போற்றினர். எனக்கோ அன்றிலிருந்து மனம் ஒருபடியாக இல்லை. அவருடைய கண் சென்று பட்டது, இரக்கமும் பிறந்தது, தம் உரிமையையும் விட்டுக்கொடுத்தார். குறள் கேட்ட கண்ணோட்டம் அதுவே. ஆனால் தனக்கு ஒரு நன்மை செய்யப்பட்டது என்பதே அந்த இளைஞனுக்குத் தெரியாது. தெரியாத நன்மை அவனோடு நின்றுவிட்டது; பின்னிருந்த தாய்க்கு அது போய்ச் சேரவில்லை. இருப்புவண்டியில் ஒருவர் தள்ளி உட்கார்ந்தால் பலகை முழுவதும் அசைந்தது. இங்கே ஒருவருடைய தியாகம் அடுத்த வரிசையைக் கூட அசைக்கவில்லை.

அத்தியாகத்தின் விலையும் சிறிதன்று. இலண்டன் மாநகரின்மேல் குண்டு விழுந்த 1940ஆம் ஆண்டில், காப்பிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவைக் கழித்தவர்களிடையே நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து நேரும் இறப்பு மிகுந்ததைக் கீத் சிம்சன் என்னும் மருத்துவர் கண்டு எழுதினார். நாற்காலியின் விளிம்பு தொடையை அழுத்திக் காலின் குருதியோட்டத்தைத் தடைசெய்கிறது என்பது அவர் கருத்து. 1977இல் மருத்துவர் இருவர் விமானப் பயணிகளிடம் இதனையே கண்டபோது, அந்நோய்க்கு எகானமி வகுப்பின் பெயரையே சூட்டிவிட்டார்கள். உண்மையில் அது முதல் வகுப்பிலும் வரும்; நெடுநேரம் அசையாதிருப்பதே காரணம். சாய்ந்தால் மட்டும் தீராது. இடையிடையே எழுந்து நடக்கவேண்டும். அதற்கு, வழியோர இருக்கைக்காரரை எழுப்பவேண்டும். எழுப்பினால் அவர் என்ன நினைப்பாரோ என்று அன்று அந்த அம்மையார் எழவும் இல்லை. இலண்டனில் இறங்கும்போது வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை.

ஆகவே, பிறர்க்காகத் தாம் வருந்துவதே அறத்தின் முடிவு என்று கொள்வதில் எனக்கு ஐயம் இருக்கிறது. நம் பெரியோர் பலரிடத்தில், குறிப்பாகப் பெண்களிடத்தில், விட்டுக்கொடுத்தல் என்பது கேட்கத் தெரியாமையின் மறுபெயராகவும் இருந்துவிடுகிறது. கண்ணோட்டத்தின் முதற்பகுதியை அவர்கள் நன்கறிவர், திரும்பிப் பார்ப்பர். இரண்டாம் பகுதி, பார்த்தபின் வாய் திறந்து கேட்பது. "சற்றே சாய்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்க ஆங்கிலம்கூட வேண்டுவதில்லை. முகத்தைப் பார்த்து உள்ளங்கையைப் பின்னுக்குச் சாய்த்துக் காட்டினால் உலகத்தில் எவர்க்கும் புரியும். பெரும்பாலோர் தலையசைப்பர். சிலர் தம் நீண்ட காலைக் காட்டி உதட்டைப் பிதுக்குவர்; அப்போது பாதியளவு சாயலாம். கேட்கப்பட்டவன் அடுத்துத் தானும் ஒருகால் திரும்பிப் பார்ப்பான். அன்று அந்த இளைஞனை ஒரு சொல் கேட்டிருந்தால், அந்தக் குழந்தையின் தலைக்கு ஓர் அங்குலமேனும் கிடைத்திருக்கக்கூடும்.

இவ்வளவும் பயணிகள் தமக்குள் செய்துகொள்ள வேண்டியது. மனையை இருமுறை விற்ற தரகரை இதனால் விட்டுவிடலாகாது. கூட்டுக்குள்ளேயே சாயும் இருக்கை செய்ய முடியாதா என்றால், செய்து பார்த்தார்கள். 2008 வாக்கில் கேத்தே பசிபிக் நிறுவனம் தன் நெடுந்தொலைவு விமானங்களில் அத்தகைய இருக்கைகளைப் பொருத்தியது. முதுகுக்கூடு அசையாது; அமரும் பகுதி முன்னே நழுவும்; சாய்பவரின் முழங்காலே முன்னிருக்கையில் இடிக்கும். பிறர் இடத்தில் ஓர் அங்குலமும் கொள்ளாத அந்த இருக்கையைப் பயணிகள் விரும்பவில்லை! சில ஆண்டுகளில் அந்நிறுவனம் பழைய வகைக்கே திரும்பிற்று. தம் இடத்தைத் தாமே தின்று சாய்வதைவிடப் பிறர் இடத்தைத் தின்று சாய்வது இனிதாக இருக்கிறது போலும். மனித இயல்பைப் பற்றி இதனினும் கசப்பான சான்று தேடவேண்டியதில்லை. ஆனால் சுருங்கிய இடத்துக்குள் செய்த சோதனை அன்றோ அது? 34 அங்குலத்தில் செய்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கலாம். அமெரிக்க நாடாளுமன்றம் 2018இல், விமான இருக்கைக்குக் குறைந்த அளவு ஒன்றை விதிக்குமாறு வான் போக்குவரத்து ஆணையத்துக்குச் சட்டத்தால் பணித்தது. 2022இல் அவ்வாணையம் மக்களின் கருத்தைக் கேட்டபோது, கேள்வி ஆபத்துக்காலத்தில் விரைந்து வெளியேற அந்த இடம் போதுமா என்பதாகவே அமைந்தது. உயிர்தப்பப் போதுமான இடமும் உயிரோடு இருக்கப் போதுமான இடமும் ஒன்றாகா.

எகானமி வகுப்பின் முன்னெல்லையில் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. கண் செல்லாதவாறு தடுக்கும் மற்றொரு பொருள் அது. மேல் வகுப்பு உள்ள விமானங்களின் எகானமிப் பகுதியில், அஃது இல்லாத விமானங்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பூசல்கள் நிகழ்வதாகத் தொரோண்டோ, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் இருவர் 2016இல் எழுதினர். அம்முடிவை மறுத்து வினவியவரும் உண்டு. எண்ணிக்கை எவ்வாறாயினும், கீதாஞ்சலி வண்டிக்குப் பின்னிருந்த எண்ணம் வெறுங்கனவன்று என்பதை அது நினைவூட்டுகிறது. நம் புனே ஒரு வேடிக்கையையும் கண்டது. 2008ஆம் ஆண்டில் இங்கிருந்து பிராங்க்பர்ட்டுக்கு லுப்தான்சா நிறுவனம் விமானம் விடத் தொடங்கியபோது அதில் இருந்தவை அனைத்தும் வணிக வகுப்பு இருக்கைகள். கீதாஞ்சலி மேல் வகுப்பு இல்லாத ஊர்தி. இது கீழ் வகுப்பு இல்லாத ஊர்தி. இரண்டும் ஒருவகையில் வகுப்பற்றவைதாம்!

கணினி நிறுவனங்களின் செலவில் திரைக்கு முன்னால் கால்நீட்டிப் படுத்து வரும் பிள்ளைகளும், அதே விமானத்தில் திரைக்குப் பின்னால் நிமிர்ந்து அமர்ந்து வரும் பெற்றோரும் இன்று நம் குடும்பங்களில் புதுமையல்லர். அம்மாவை எழுப்பிக் கொணர்ந்து தன் படுக்கையில் கிடத்தலாமா? நிறுவனம் தந்தது தனக்கன்றோ? அல்லது திரையைத் தாண்டி அங்குள்ள கழிவறையையேனும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று அழைத்துப் போகலாமா? இவ்வையத்துக்கும் புனேப் பயணத்தில் ஒரு முன்னிகழ்ச்சி உண்டு. 1915 பிப்ரவரியில் கோகலே மறைந்த செய்தி கேட்டுச் சாந்திநிகேதனத்திலிருந்து காந்தியடிகள் புனேக்கு விரைந்தபோது, கல்யாண் நிலையத்தில் குழாயடியில் குளித்தார். கஸ்தூரிபா அம்மையாரை இந்திய ஊழியர் சங்கத்து அன்பர் ஒருவர் இரண்டாம் வகுப்புக் குளியலறைக்கு அழைத்துச் செல்ல முன்வந்தார். மூன்றாம் வகுப்புச் சீட்டு வைத்திருப்பவர்க்கு அந்த உரிமையில்லை என்று காந்தி அறிந்திருந்தும் இசைந்தார். இசைந்தது முறையன்று என்பதையும் தம் வரலாற்றில் எழுதிவைத்தார். முறையன்று என்று அறிந்தே மனைவிக்காக இசைந்த அந்த மனிதரை, முறை தவறாத மனிதரைவிடச் சற்றுக் கூடுதலாக நான் நம்புகிறேன்.

கடைசி வரிசையைப் பற்றிச் சொல்லவேண்டியது எஞ்சியிருக்கிறது. சாயாத முதுகு, பக்கத்திலேயே கழிவறை, இரவெல்லாம் கதவு திறந்து மூடும் ஓசை, நின்று காத்திருப்போரின் கால்கள். கூடுதல் கட்டணம் செலுத்தி இடம் தேர்ந்தெடுப்போர் அவ்வரிசையை நாடுவதில்லை. மிகக் குறைந்த விலைச் சீட்டுக்கு எஞ்சியதே விழும். பெற்றோர்க்காகச் சீட்டு எடுக்கும் பிள்ளைகள் அந்த ஒரு சிறு தொகையைச் செலுத்தி, அவர்களுக்கு நடுவிலே, வழியோரமாக ஓர் இடம் வாங்கித் தரவேண்டும் என்று சங்கத்து நண்பர்களிடம் நான் சொல்வதுண்டு. அவர்களும் வாங்கித் தருகிறார்கள். அப்போது அந்தக் கடைசி வரிசையில் வேறு யாருடைய தாயோ அமர்ந்து வருகிறாள்.